ரயில் விபத்துகள் உண்மையில் எந்த நேரத்தில் நடக்கின்றன?

கேட்டவர் எழுதியது இரண்டு வரிதான்: "ஒவ்வொரு ரயில் விபத்துக்குப் பிறகும் மனிதத் தவறு, தொழில்நுட்பக் கோளாறு, சதி என்று மூன்றில் ஒன்றைச் சொல்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் எது அதிகம்?" ஒரு சதவீதக் கணக்கைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அவர் உள்ளூரக் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். இத்தனை வருட அனுபவமும் இத்தனை கருவிகளும் வந்த பிறகும் இரண்டு ரயில்கள் ஒரே தண்டவாளத்தில் எப்படிச் சந்திக்கின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. நான் ரயில்வேயில் சிக்னல் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிக்னல், பாயின்ட் (வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் நகரும் பகுதி), ஸ்டேஷனில் வண்டி வாங்கி அனுப்பும் முறை ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். தண்டவாள உலோகம், பெட்டிகளின் கட்டுமானம் போன்றவற்றில் விசாரணை அறிக்கைகள் சொன்னதைத் தாண்டி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய மோதல்களை எடுத்துப் பார்த்தால், எல்லாம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தபோது நடந்தவை குறைவு. எல்லாம் நின்றுபோனபோதும் விபத்து நடப்பதில்லை, ஏனென்றால் அப்போது வண்டியும் நின்றுவிடும். ஏதோ ஒன்று பழுதாகி, அதைச் சரிசெய்துகொண்டே வண்டியையும் ஓட்டிக்கொண்டிருக்கும் இடைநேரம் ஒன்று உண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. "மனிதத் தவறு" என்ற பெயரில் எழுதப்படும் பலவும் அந்த இடைநேரத்தில் ஒரு மனிதன் எடுத்த முடிவுதான்.

பழுதானால் வண்டி நிற்க வேண்டும் என்ற விதி இன்று சாதாரணமாகத் தெரியலாம். அதையே உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றார்கள். 1876 ஜனவரியில் இங்கிலாந்தின் அபாட்ஸ் ரிப்டன் என்ற இடத்தில் பனி கொட்டியது. அந்தக் காலத்து சிக்னல் கை சாதாரண நேரத்தில் "போகலாம்" என்ற நிலையிலேயே இருக்கும், தேவைப்பட்டால் மட்டும் "நில்" என்று மாற்றுவார்கள். கம்பத்தின் இடுக்கில் பனி இறுகிப்போனதால் கை அசையவில்லை. சிக்னல்களை இயக்கும் கேபினில் நெம்புகோலை இழுத்தவர் சிக்னல் மாறிவிட்டது என்று நம்பினார். எக்ஸ்பிரஸ் நேராக ஒரு நிலக்கரி வண்டியில் மோதியது, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த இன்னொரு எக்ஸ்பிரஸ் அந்த இடிபாட்டில் மோதியது. அதற்குப் பிறகுதான் சிக்னலின் இயல்பு நிலையே "நில்" என்று ஆனது. இன்று நம் ஊர் ஸ்டேஷனில் ஒரு வயர் அறுந்தால் சிக்னல் சிவப்பாவதற்கு அடியில் இருப்பது இந்தப் பாடம்தான்.

1889இல் அயர்லாந்தின் ஆர்மா. சர்ச்சைச் சேர்ந்த சிறுவர்களும் பெற்றோரும் நிறைந்த சுற்றுலா ரயில் ஒரு ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து முன்பாதியை மட்டும் முதலில் கொண்டுபோகலாம் என்று முடிவெடுத்தார்கள். பின்பாதிக்குத் தன்னால் பிடிக்கும் பிரேக் கிடையாது. கார்டு வேனின் கைப்பிரேக்கையும் சக்கரத்தடியில் வைத்த கற்களையும் நம்பினார்கள். முன்பாதியை நகர்த்தும்போது லேசாக ஒரு இடி. பின்பாதி இறக்கத்தில் உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலில் மோதியது. 80 பேர் இறந்தார்கள், நிறையக் குழந்தைகள். அதே ஆண்டிலேயே பிரிட்டன் சட்டம் போட்டது: பயணிகள் வண்டிக்குத் தானியங்கித் தொடர் பிரேக், இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி, பாயின்டும் சிக்னலும் ஒன்றோடொன்று பிணைந்த இன்டர்லாக்கிங். இந்த மூன்றும் இன்றுவரை உலகம் முழுக்க ரயில் பாதுகாப்பின் அடிப்படை. மூன்றும் அதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தன என்பதுதான் வேதனை. செலவு என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மனிதத் தவறு என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 1915 மே 22, ஸ்காட்லாந்தின் குவின்டின்ஸ்ஹில். அங்கே ஒரு உள்ளூர் ரயிலை எதிர்ப்பாதைக்கு மாற்றி, கேபினுக்கு முன்னாலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். பணிக்கு வந்த சிக்னல்மேன் அதே ரயிலில்தான் வந்து இறங்கியிருந்தார். ஆனாலும் அது நிற்பதை மறந்து, ராணுவ வீரர்கள் வந்த சிறப்பு ரயிலுக்குப் பாதை கொடுத்துவிட்டார். மோதிய இடிபாட்டில் இன்னொரு எக்ஸ்பிரஸும் மோதி, மரப்பெட்டிகளின் விளக்குகளுக்கான வாயுவில் தீப்பற்றி, 220க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல்மேன்கள் இருவர் சிறைக்குப் போனார்கள். இதை மறதி என்று எழுதி மூடிவிடலாம். அறிக்கையைப் படித்தால் வேறொன்று தெரியும். பணி மாற்ற நேரத்தை இவர்களே தங்களுக்குள் அரைமணி நேரம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். தாமதமாக வந்தது மேலதிகாரிக்குத் தெரியாமலிருக்க, முந்தையவர் ஒரு தாளில் குறித்து வைத்ததை வந்தவர் பதிவேட்டில் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பாதையில் வண்டி நிற்கும்போது நெம்புகோலில் மாட்ட வேண்டிய இரும்பு வளையம் ஒன்று உண்டு. அதை மாட்டியிருந்தால் சிக்னலை இழுக்கவே முடியாது. மாட்டாமல் இருப்பது அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது. அன்று காலை மட்டும் செய்த தவறு என்று அதை எப்படிச் சொல்வது?

இந்தியாவில் முதலில் மழையும் ஆறும்தான் பெரிய எதிரிகள். 1956 செப்டம்பரில் மகபூப்நகர் அருகே பாலம் போய், நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்தது. 140க்கும் மேற்பட்டோர் போனார்கள். இந்த முறை சாஸ்திரியின் விலகல் ஏற்கப்பட்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் "அரியலூர் விபத்து" என்று சொல்வது இதைத்தான். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பயணிகள் ரயிலைப் புயல் அலை இழுத்துக்கொண்டது, அதில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. 2004இல் இலங்கையின் பெரலியவில் ஆழிப்பேரலை ஒரு ரயிலையே புரட்டியது. உயிரிழப்பில் உலக வரலாற்றிலேயே அதுதான் மிகப் பெரியது, 1,000 பேருக்கு மேல். இவற்றை இயற்கைச் சீற்றம் என்கிறோம், சரிதான். ஆனால் வண்டியை நிறுத்தச் சொல்லும் தகவல் டிரைவருக்குப் போய்ச் சேர வழி இருந்ததா என்ற கேள்வி எல்லாவற்றிலும் உண்டு. பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை அனுமதிக்காதபடி காற்றுமானியை சிக்னலோடு இணைத்திருந்தார்கள். ஒரு சோகத்தை எப்படி இயந்திரமாக மாற்றுவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி என் துறைக்கு வருகிறேன். 1995 ஆகஸ்ட் 20, ஃபிரோசாபாத். காளிந்தி எக்ஸ்பிரஸ் ஒரு நீல்காய் மானில் மோதி, பிரேக் கெட்டு, நடுவழியில் நின்றது. அது கடந்துபோய்விட்டது என்று நினைத்து, பின்னால் வந்த புருஷோத்தம் எக்ஸ்பிரஸுக்குப் பாதை கொடுத்தார்கள். 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1999 ஆகஸ்ட் 2, கைசால். கிஷன்கஞ்ச் நிலையத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது, வழக்கமான இன்டர்லாக்கிங் பாதுகாப்பு இல்லாமல் வண்டிகளைக் கையால் பாதை மாற்றி அனுப்பினார்கள். அவத் அசாம் எக்ஸ்பிரஸ் தவறான பாதையில் போய், எதிரே வந்த பிரம்மபுத்ரா மெயிலோடு நேருக்கு நேர் மோதியது. கிட்டத்தட்ட 290 பேர். முதலாவதில் நடுவழியில் ஒரு வண்டி நின்றுபோனது, இரண்டாவதில் நிலையத்தில் வேலை. இரண்டுமே வழக்கமான நாள் கிடையாது.

அந்த இடைநேரம் எப்படி இருக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பாயின்ட் சரியாகப் பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பாளர் போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் "இந்தப் பாயின்டைத் துண்டிக்கிறேன்" என்று மெமோ எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கை வைக்கலாம். அந்த நொடியிலிருந்து அந்தப் பாயின்ட் வழியாக வரும் வண்டிக்கு சிக்னல் கொடுக்க முடியாது. பாயின்டைக் கவ்வி வைத்துப் பூட்டி, டிரைவர் கையில் எழுத்து மூலம் அனுமதி கொடுத்து, மெதுவாகக் கடத்த வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் பல நிமிடம் போகும். பின்னால் மூன்று எக்ஸ்பிரஸ்கள் வரிசையில் நிற்கும். கன்ட்ரோல் ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருக்கும்: "எப்போ குடுப்பீங்க?" வேலை முடிந்ததும் சோதனை. பாயின்டின் நகரும் நாக்கு, முனையிலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி, பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டும் இடத்தில் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு இரும்புத் துண்டை வைத்து இயக்கிப் பார்ப்போம். அந்தத் துண்டு நடுவில் இருக்கும்வரை பாயின்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது, "சரியாக இருக்கிறது" என்ற தகவலும் ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் இருக்கும் பேனலுக்குப் போகக் கூடாது. பிறகு பேனலில் ஒருவர், தண்டவாளத்தில் ஒருவர் நின்றுகொண்டு, பேனல் காட்டுவதும் தரையில் இருப்பதும் ஒன்றுதானா என்று இரண்டு நிலையிலும் சரிபார்க்க வேண்டும். இதையெல்லாம் முடித்துத்தான் மறு இணைப்பு மெமோ. அடித்துக்கொண்டிருக்கும் போனுக்கும் அந்த 5 மில்லிமீட்டர் துண்டுக்கும் நடுவில்தான் பயணிகளின் உயிர் இருக்கிறது. சோதனையைச் சுருக்கினால் நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாததால் அடுத்த முறையும் சுருக்குவார்கள்.

1988 டிசம்பர் 12 அன்று லண்டனின் கிளாப்பம் சந்திப்பில் 35 பேர் இறந்ததற்குக் காரணம் ஒரு பழைய வயர். புதிய சிக்னல் அமைப்பை இணைத்த தொழிலாளர் பழைய வயரின் ஒரு முனையை வெட்டாமல், ஓரமாக ஒதுக்கி விட்டிருந்தார். பிறகு பக்கத்தில் நடந்த வேறு வேலையில் அது நகர்ந்து பழைய முனையைத் தொட்டது. தண்டவாளத்தில் வண்டி நிற்கும்போதே சிக்னல் பச்சை காட்டியது. விசாரணையில் தெரிந்தது: அவர் 13 வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பில் இருந்தார். வயரை வெட்டாமல் ஒதுக்குவது அவருடைய பல வருடப் பழக்கம், யாரும் திருத்தவில்லை. வயர்களை இன்னொருவர் தனியாக எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் அங்கே நடைமுறையில் இல்லை.

35 வருடம் கழித்து நம் நாட்டில் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்து நின்றோம். 2023 ஜூன் 2, ஒடிசாவின் பாலசோர் மாவட்டம், பஹனகா பஜார். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் நிற்காமல் போக ஹோம் சிக்னல் (நிலையத்துக்குள் நுழைய அனுமதிக்கும் சிக்னல்) பச்சை. ஆனால் பாயின்ட் லூப் லைனுக்கு, அதாவது நிலையத்தில் வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கப் பாதைக்கு, திரும்பியிருந்தது. அங்கே இரும்புத் தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றது. மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் மோதி, பெட்டிகள் பக்கத்துப் பாதையில் விழுந்து, அதில் கடந்துகொண்டிருந்த யஷ்வந்த்பூர் - ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளும் சிக்கின. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்டர்லாக்கிங் உள்ள நிலையத்தில் சிக்னல் ஒன்றும் பாயின்ட் வேறொன்றும் காட்டுவது நடக்கவே கூடாதது. எப்படி நடந்தது என்பதில் இன்று சந்தேகம் இல்லை. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை இரண்டு இடங்களைக் காட்டியது: முன்பு ஒரு காலத்தில் நிலையத்தின் வடக்கு சிக்னல் குமிட்டியில் (சிக்னல் கருவிகள் இருக்கும் சிறு அறை) சர்க்யூட்டை மாற்றியபோது நடந்த தவறு, பிறகு 94ஆம் எண் லெவல் கிராசிங் கேட்டின் தடுப்பை மாற்றும் வேலையில் நடந்த தவறு. வயர் முனைகளில் எழுதியிருந்த பெயரும் உண்மையான இணைப்பும் பொருந்தவில்லை. பாயின்ட் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டிய சர்க்யூட்டே பொய் சொன்னது. டிரைவருக்கு அதை அறிய வழியே இல்லை. விபத்து நடந்த அன்று இரவு டிரைவரைக் குறைசொல்லிப் பரவிய செய்திகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. இதைவிட வருத்தம் தருவது ஒன்று உண்டு. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2022 மே 16 அன்று, அதே கரக்பூர் கோட்டத்தில் பாங்க்ராநயாபாஸ் நிலையத்தில் தவறான வயரிங்கால் இதே வகைக் கோளாறு நடந்திருந்தது. உயிரிழப்பு இல்லை. அப்போதே திருத்தியிருந்தால் இது நடந்திருக்காது என்று அறிக்கையே சொல்கிறது.

டிரைவர்மேல் பழி போடும் அவசரத்துக்கு இன்னொரு உதாரணம் 2024 ஜூன் 17, வடக்கு வங்காளத்தின் ரங்காபானி அருகே காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் சரக்கு ரயில் மோதியது. இறந்துபோன சரக்கு ரயில் டிரைவர் சிவப்பைத் தாண்டிவிட்டார் என்று முதல் நாளே சொன்னார்கள். விசாரணையில் என்ன வந்தது? அன்று விடிகாலையிலிருந்தே அந்தப் பகுதியில் தானியங்கி சிக்னல்கள் பழுது. சிவப்பைத் தாண்டிப் போகலாம் என்று டிரைவர்களிடம் கொடுத்த தாளில் என்ன வேகத்தில் போக வேண்டும் என்பது இல்லை. அதே வகைத் தாளோடு போன மற்ற வண்டிகளும் ஆளுக்கொரு வேகத்தில்தான் போயிருந்தன. இது என்றைக்காவது நடந்தே தீரும் விபத்தாக இருந்தது என்ற பொருளில் பாதுகாப்பு ஆணையர் எழுதினார்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. உறுதி இல்லாதவையும் உண்டு. 1981 ஜூன் 6, பீகாரில் ஒரு பயணிகள் ரயில் பாக்மதி ஆற்றில் விழுந்தது. இறந்தவர் எண்ணிக்கை சில நூறில் தொடங்கி 800 வரை வேறுவேறாகச் சொல்லப்படுகிறது. முன்பதிவில்லாத பெட்டியில் யார் இருந்தார்கள் என்பதற்குப் பட்டியலே கிடையாது. காரணமும் அப்படித்தான்: பலத்த காற்று என்கிறார்கள், திடீர் வெள்ளம் என்கிறார்கள், மாடு குறுக்கே வந்ததால் டிரைவர் பிரேக் போட்டார் என்கிறார்கள். 1988 ஜூலை 8 அன்று கேரளத்தின் பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்து 105 பேர் இறந்தார்கள். சுழல்காற்றுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. அந்த ஊர்க்காரர்கள் இன்றுவரை அதை நம்பவில்லை, நானும் அதை முடிந்த விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. சதியைப் பொறுத்தவரை, நடப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 அக்டோபரில் நம் கவரைப்பேட்டையில் மெயின் லைனுக்கு சிக்னல் இருந்தும் பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள் போய் சரக்கு ரயிலில் மோதியது. பார்வைக்கு அப்படியே பாலசோர். ஆனால் அங்கே விசாரணை வயரை நோக்கிப் போகவில்லை, பாயின்டில் கழன்றிருந்த போல்ட்டுகளை நோக்கிப் போனது. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு விபத்துகளுக்கு ஒரே காரணம் என்று டிவி பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியென்றால் நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறதா? இல்லை. ரயில்வே அமைச்சகத்தின் கணக்கில் பெரிய விளைவுகளை உண்டாக்கிய விபத்துகள் 2000-01இல் 473. 2014-15இல் 135. 2023-24இல் 40. அகலப்பாதையில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் 2019 தொடக்கத்தில் முழுவதும் ஒழிக்கப்பட்டன, அது ஒரு பெரிய காரணம். பழைய பெட்டிகள் மோதினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இப்போதைய எல்எச்பி பெட்டிகளின் இணைப்பு அதைத் தடுக்கும்படி செய்யப்பட்டது. கவரைப்பேட்டையில் யாரும் இறக்காததற்கு இந்தப் பெட்டிகளும், அதிர்வை உணர்ந்ததும் பிரேக் போட்ட டிரைவரும் காரணம். ஆனால் இந்த எண்ணிக்கையை வைத்து மட்டும் நிம்மதி அடைய முடியாது. பாலசோரும் இந்தக் கணக்கில் ஒரே ஒரு விபத்துதான்.

"கவச் என்ற தானியங்கிப் பாதுகாப்புக் கருவி வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?" என்று அடுத்து கேட்பீர்கள். டிரைவர் சிவப்பைத் தாண்டினாலோ வேகத்தை மீறினாலோ கவச் வண்டியை நிறுத்தும். அந்த வகை விபத்துகளுக்கு அது மிகத் தேவை, அது வேகமாகப் பரவ வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் சிக்னல் என்ன நிறம் என்பதைக் கவச் இன்டர்லாக்கிங்கிடமிருந்துதான் தெரிந்துகொள்கிறது. பஹனகாவில் இன்டர்லாக்கிங்கே பச்சை என்று சொன்னது, ஆகவே கவச்சும் பச்சை என்றே நம்பியிருக்கும். அந்த விபத்துக்குப் பிறகு ரிலே ரூம்கள் (இன்டர்லாக்கிங் கருவிகள் இருக்கும் அறைகள்), சிக்னல் குமிட்டிகள், கேட்டுகளின் பெட்டிகள் எல்லாவற்றிலும் இரட்டைப் பூட்டு உறுதிசெய்யப்பட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு சாவி, பராமரிப்பாளரிடம் ஒரு சாவி, இருவரும் சேர்ந்துதான் திறக்க முடியும். நல்ல ஏற்பாடு. ஆனால் உள்ளே போனவருக்குச் சோதனை முடியும்வரை நேரம் கொடுப்பதும், அவர் செய்த வயரிங்கை வேறொருவர் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் பூட்டால் வராது. அதற்கு ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், வண்டியைத் தாமதமாக விடும் துணிச்சல் மேலிடத்தில் வேண்டும்.

கடைசியாக ஒன்று. 1937இல் பீகாரின் பிஹ்டாவில் ஒரு எக்ஸ்பிரஸ் தடம்புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அந்த வகை இன்ஜின்களை ஆராய ஒரு குழு போட்டார்கள். விபத்தை விசாரிப்பவர் ரயில்வேக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை அந்தக் குழுவும் வலியுறுத்தியது. 1941இல் விசாரணை அதிகாரிகள் ரயில்வே வாரியத்திலிருந்து பிரிக்கப்பட்டார்கள். இன்றும் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பது அதனால்தான். 2012இல், ரயில் பாதுகாப்பை ஆராய அமைத்த அனில் காகோட்கர் குழு இன்னும் ஒரு படி மேலே போய், ரயில் பாதுகாப்புக்கென்றே சட்ட அதிகாரம் உள்ள தனி அமைப்பு ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்னும் நிறைவேறவில்லை. அடுத்த விபத்துச் செய்தியில் "மனிதத் தவறு" என்று படித்தால், அந்த மனிதர் அன்று எந்தப் பழுதைச் சுற்றி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார் என்று கேளுங்கள். உங்கள் தொகுதி எம்பியிடம் காகோட்கர் குழுவின் பரிந்துரை என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள்.